அணைக்கப்படும் என்று நான்தான் வாசித்தேன்

நவம்பர் 12, செவ்வாய்

இன்றும் கேஸ் சிலிண்டர் கிடைக்கவில்லை. நான்கு கடை ஏறி இறங்கியாயிற்று. கடைசிக் கடைக்காரன் பல்லைக் காட்டிக்கொண்டு, "கேஸா? அதான் உங்க குப்பத்துக் கடல்லயே கிடக்குதே, ஒரு வாளியை எடுத்துட்டுப் போய் மொண்டுக்க வேண்டியதுதானே" என்றான். நானும் சும்மா விடவில்லை. ஆனால் திட்டினால் அடுப்பு எரியுமா? கரியில்தான் சமைத்தேன். புகையில் கண் இன்னும் கரிக்கிறது.

ஐந்து மணிக்கு வானொலி. காற்று எப்படி, அலை எப்படி, எந்தப் படகு மோட்டார் நின்று தவிக்கிறது, யார் வீட்டில் பிள்ளைக்குப் பெயர் வைக்கிறார்கள் — பன்னிரண்டு வருஷமாக இதைத்தான் வாசிக்கிறேன். கெட்ந்தார் குப்பத்தில் என் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம். குரல் தெரியாத ஆள் இல்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

வாசித்துவிட்டு வெளியே வந்தபோது சொக்னா காத்திருந்தாள். கேஸ் கம்பெனிக்கும் குப்பத்துக்கும் நடுவே பேசுவதற்கு டக்காரிலிருந்து அனுப்பியிருக்கும் பெண். நல்ல பெண்தான். கம்பெனியின் காவல் படகுக்கு அனுபவமுள்ள உள்ளூர் ஆள் வேண்டுமாம். மாதச் சம்பளம். "உங்க வீட்டுக்காரர் வருவாரா அக்கா?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து மெதூனிடம் சொன்னேன். டீ கிளாஸை நங்கென்று கீழே வைத்தார்.

"என் பாரைச் சுத்தி மிதவை போட்டவன், அந்த மிதவைக்குக் காவல் நிக்க என்னையே கூப்பிடுறானா? நல்லா இருக்குடி கதை!"

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கடலடிப் பாறைத்திட்டான அந்தப் பாரில்தான் களவா மீன் அடையும். அவருடைய அப்பா தூண்டில் போட்ட பார். இப்போது அதன் மேல் கம்பெனியின் மேடை நிற்கிறது. சுற்றிலும் அரைக் கிலோமீட்டருக்கு ஒருவரும் நெருங்கக் கூடாது. வடக்கே கொஞ்சம் தள்ளினால் மொரித்தானியாவின் எல்லை, பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் எல்லோரும் தென்மேற்கே ஓடுகிறார்கள், ஐஸ் உருகித் தீரும் வரைக்கும். போன மாதம் அப்படிப் போன ஒரு படகு இன்றுவரை திரும்பவில்லை.

நியாயம் இருக்கட்டும். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இந்த மனுஷன் உயிரோடு கரையில் இருக்க வேண்டும். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

"அவரைக் கரையில கட்டிப்போட்டா யாருக்கு லாபம்? உனக்கா, உன் கம்பெனிக்கா?" — வாசலில் தாபா அக்கா. எப்போதிருந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாளோ. அவள் மூத்தவள், நான் இளையவள். கருவாட்டுக் கொட்டகை அவளுடையது, மீன் வராவிட்டால் அவளுக்குக் கை ஓடாது. ஆனால் அவளுடைய ஒரே மகன் உசேனுவும் அதே படகில்தானே போகிறான்? அவனுக்காகவாவது பயப்பட வேண்டாமா? சக்களத்தி என்றால் நல்லதைச் சொன்னாலும் எதிர்த்துத்தான் பேச வேண்டுமா?

நவம்பர் 20, புதன்

மூன்றாம் நாளாக மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி வாசித்தேன். தொண்டை கட்டிவிட்டது.

டிசம்பர் 3, செவ்வாய்

ஐரோப்பாவிலிருந்து பெரிய ஆட்கள் வந்தார்கள். பாலத்திலிருந்து மாவட்ட அலுவலகம் வரை தெருவைக் கழுவிவிட்டிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் எங்கள் தெருவை யாராவது கழுவிப் பார்த்திருக்கிறேனா? ஹெலிகாப்டரில் மேடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கூட்டத்துக்கு வந்து கைகுலுக்கினார்கள். இனி நாம் நெடுங்காலக் கூட்டாளிகளாம். நம் அமைச்சர் எழுந்து, பழைய ஒப்பந்தத்தைத் திரும்ப எடுத்துப் பேசப்போகிறோம், நம் பங்கு கூடும் என்றார். வந்தவர்களும் கை தட்டினார்கள். பங்கு கூடினால் அவர்களுக்குத்தானே குறையும், எதற்குத் தட்டினார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

சாயங்காலம் வீட்டு முற்றத்தில் டீ. எலிமான் வந்திருந்தார். மெதூனோடு சின்ன வயதிலிருந்து கடலுக்குப் போகிறவர், இப்போது தனிப் படகு.

"எதுக்கு இத்தனை பேரு ஓடி வர்றான்?" என்று கேட்டார்.

"அவங்க பக்கம் சண்டை நடக்குதுல்ல. ரஷ்யாக்காரன் குழாயை மூடிட்டான். பிள்ளைகுட்டிக்குக் குளிருதாம்" என்றேன்.

"நம்ம வீட்டுல கரி ஊதுறது அவங்களுக்குத் தெரியுமா?"

மெதூன் சிரித்தார். "ஆட்டை அறுக்கறதுக்கு முன்னாடி கறி யாருக்கு, தோல் யாருக்குன்னு பேசணும். இவனுங்க ஆட்டைக் கப்பல்ல ஏத்திட்டு இப்பப் பேசுறானுங்க."

வாயு எங்களுக்குப் பாதி, மொரித்தானியாவுக்குப் பாதி. இரண்டு நாடும் கையெழுத்துப் போட்டுப் பிரித்துக்கொண்டன. ஆனால் மீன் பிடிக்க அந்தக் கோட்டைத் தாண்டினால் படகு போய்விடும். "தண்ணிக்கு அடியில அண்ணன் தம்பி, தண்ணிக்கு மேல அந்நியன்" என்றார் எலிமான். சிரித்துத் தொலைத்தோம். சிரிக்காமல் என்ன செய்ய?

டிசம்பர் 19, வியாழன்

மேடையில் நெருப்பு ஏற்றிவிட்டார்கள். மிஞ்சும் வாயுவை எரித்துத் தள்ளுகிறார்களாம். மேற்கு முழுக்கச் செக்கச் சிவந்து கிடக்கிறது. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் தூங்காமல் அழுகின்றன. தாபா அக்கா தொழுகை விரிப்பில் உட்கார்ந்தபடியே, "நரகத்து வாசலைத் திறந்து வச்சிட்டான் பாவி" என்கிறாள். சமைக்க எனக்கு இல்லாத கேஸ் அங்கே வானத்தில் எரிகிறது. வயிறும் சேர்ந்து எரிகிறது.

ஜனவரி 8, புதன்

மெதூன் வந்து சேர்ந்தார். மீன் சுமார்தான், ஆனால் மனுஷன் நல்ல சந்தோஷம். காரணம் கேட்டால் — அந்த நெருப்பு!

இந்த மாதங்களில் பாலைவனத்துப் புழுதி கடல்மேல் படுத்துக்கிடக்கும். விடிவதற்கு முன்னால் வருகிற படகுக்கு ஊர் விளக்கு எதுவும் தெரியாது. ஆற்று முகத்துவாரத்தைத் தவறவிட்டால் கரையலை தூக்கி அடித்துவிடும். எத்தனை பேர் உயிர் அங்கே போயிருக்கிறது. இப்போது அந்த நெருப்பு புழுதியைத் தாண்டித் தெரிகிறதாம். அதை இடது தோளுக்கு நேரே வைத்துக்கொண்டு கிழக்கே வந்தால் நேராக முகத்துவாரம். எல்லாப் படகும் இப்போது அப்படித்தான் வருகிறதாம்.

"நேத்து வரைக்கும் இந்த வீட்டுல நரகம்னுதானே பேச்சு?"

"நரகமா இருந்தா என்னடி, வெளிச்சம் வெளிச்சம்தானே! என் பாரைப் பிடுங்கினவன் ஒரு கலங்கரை விளக்காவது வச்சுக் குடுத்தானே."

உசேனுவிடம் ஜிபிஎஸ் என்ன ஆயிற்று என்று கேட்டேன். உப்புத்தண்ணீர் குடித்துவிட்டதாம். "இப்ப அதுக்கு அவசியமே இல்ல சின்னம்மா" என்று அவனும் அப்பாவைப் போலவே சொல்கிறான். எனக்கும் நிம்மதிதான். வழி தெரிந்து வந்து சேர்ந்தால் சரி.

ஜனவரி 27, திங்கள்

பாத்திரத்தைக்கூடக் கழுவாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில்.

ஒத்துக்கொண்டுவிட்டார்! இன்று என் முறை. எங்கள் வீட்டில் இரண்டு நாளுக்கு ஒருத்தி. யார் முறையோ அவள் சமையல், அவள் அறை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவியவர், திரும்பிக்கூடப் பார்க்காமல், "நோன்புப் பெருநாள் கழியட்டும். அதுக்கப்புறம் வர்றேன்னு அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லு" என்றார். "முதுகு முன்ன மாதிரி இல்லடி."

அவ்வளவுதான். அவ்வளவே போதும். ஓடிப்போய் சொக்னாவுக்கு போன் போட்டேன். இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னாள். தாபா அக்காவிடம் யார் சொல்வது? அவரே சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளத் தெம்பில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

படகு கிளம்பியது. ஒரு வாரம் என்றார்கள். ஞாயிறன்று திரும்பினால் என் முறை. தாபா அக்கா விரல் விட்டு எண்ணிவிட்டு, "எப்பவும் இவ முறையிலதான் வந்து சேருவாரு, கடலும் இவ பக்கம்" என்று முணுமுணுத்தாள்.

படகு போனதும் இருவரும் ஆற்றங்கரைக்குப் போய்த் தண்ணீரில் புளித்த பால் ஊற்றினோம், ஆற்றுத் தாய் கும்பாவுக்கு. இதிலெல்லாம் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் ஊற்றாமல் வந்தால் தூக்கம் வராது. தாபா அக்கா ஒரு கிண்ணம். நான் இரண்டு கிண்ணம் ஊற்றினேன். அவள் பார்த்துச் சிரித்தாள்.

பிப்ரவரி 12, புதன்

சொக்னா ஒரு அறிவிப்பு கொண்டுவந்தாள். நாளை மாலையிலிருந்து மேடை நெருப்பு அணைக்கப்படும். ஐரோப்பாவில் கடன் கொடுத்த வங்கிக்காரர்கள் அடுத்த வாரம் பார்வையிட வருகிறார்களாம். புகையும் நெருப்பும் அவர்களுக்கு ஆகாது. சுற்றுச்சூழல், தூய காற்று என்று ஒரு பக்கம் பிரெஞ்சில் எழுதியிருந்தது. கேட்டால் யாருக்கும் புரியாது. நம் பேச்சில் மாற்றி நானே எழுதினேன்: "நம் காற்று இனி சுத்தம். மேற்கு வானம் இனி நமக்கே. நம் குழந்தைகள் நிம்மதியாகத் தூங்கும்." கடைசி வரி என்னுடையது. அவர்கள் தாளில் அது இல்லை.

நிலையத்தை நடத்துகிற மக்தார் அண்ணன், "அடடா, இதை இன்னும் ரெண்டு தடவை ஓட்டுவோம்" என்றார். ஓட்டினோம். வீட்டுக்கு வரும் வழியில் தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். சொக்னா கட்டிப்பிடித்துக்கொண்டாள். நல்ல நாள்.

பிப்ரவரி 13, வியாழன்

அணைத்துவிட்டார்கள். மேற்கே ஒன்றுமே இல்லை. நல்ல இருட்டு. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் சத்தமே இல்லை.

தாபா அக்கா வெளியே வந்து பார்த்துவிட்டு, "ரேடியோக்காரி சொன்னா நெருப்பும் அடங்குது. வீட்டுல நான் ஒருத்திதான் அடங்க மாட்டேங்கிறேன்" என்றாள். அவள் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த பாராட்டு இவ்வளவு வருஷத்தில் இதுதான்.

பிப்ரவரி 15, சனி

புழுதி. எதிர்வீடு தெரியவில்லை. துவைத்த துணியெல்லாம் மறுபடி அழுக்கு. நாளைக்காக வெங்காயம், காரட், உடைத்த அரிசி வாங்கி வைத்தேன். மீன்சோறு என்றால் அவருக்கு அடிப்பிடித்த சோறு வேண்டும். சுரண்டித் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

வரவில்லை. எலிமான் படகும் வரவில்லை. புழுதி அடங்கட்டும் என்று எங்காவது நங்கூரம் போட்டிருப்பார்கள். சோறு ஆறிவிட்டது.

பிப்ரவரி 17, திங்கள்

எலிமான் வந்தார். அவர் மட்டும்.

எப்படி எழுதுவது இதை. எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருக்கிறது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ரெண்டு படகும் சேர்ந்துதான் வந்தோம். மெதூன் முன்னாடி, நான் பின்னாடி. மேடை நெருப்பைத் தேடினேன், காணோம். ரொம்ப நேரம் கழிச்சு வடக்கே ஒரு வெளிச்சம். மெதூன் டார்ச்சைக் காட்டிட்டுப் படகைத் திருப்பிட்டான். நானும் அதான்னு நெனச்சேன். அப்புறம் பார்த்தா அது ஆடல. நெருப்புன்னா ஆடும்ல? எனக்குச் சந்தேகம். கூப்பிட்டேன், காத்துல கேக்கல. நங்கூரத்தைப் போட்டுட்டு விடியற வரைக்கும் நின்னேன். விடிஞ்சப்புறம் தெரியுது, அது மேடைக்கு ரொம்ப வடக்கே, கேஸ் ஏத்த வந்து நிக்கிற கப்பல். மேலயிருந்து கீழ வரைக்கும் விளக்கு போட்டு நிக்குது. மெதூன் படகைக் காணோம்."

பிறகு அவர் கேட்டார், "விளக்கை யாரு அணைச்சா? எப்ப அணைச்சாங்க?"

எனக்கு — ஐயோ. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதுவரைக்கும் உறைக்கவே இல்லை. மூன்று தடவை வாசித்தேனே. ஊரே கேட்டதே. கடலிலேயே பிறந்து வளர்ந்த ஜனம், ஒருத்தருக்குமா தோணல? எனக்கு ஏன் தோணல? அவர்தானே சொன்னார், இடது தோளுக்கு நேரேன்னு. என்கிட்டத்தானே சொன்னார். நான் வாசிச்சப்ப அவர் கிளம்பி ரெண்டு நாள் ஆயிடுச்சு. எங்க ரேடியோ முகத்துவாரத்தைத் தாண்டினா கேட்காது. அவருக்கு எப்படித் தெரியும்? யார் போய்ச் சொல்லுவா?

தாபா அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டவாவது செய்திருக்கலாம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

இல்லை.

பிப்ரவரி 20, வியாழன்

எல்லைக்கு வடக்கே படகு கரையலையில் உடைந்து கிடக்கிறது. ஐந்து பேர் உயிரோடு. இரண்டு பேர் இல்லை.

மெதூன் இல்லை.

உசேனு இருக்கிறான். அந்தக் கரைக் காவலர்கள் ஐந்து பேரையும் பிடித்து வைத்திருக்கிறார்கள், அத்துமீறி மீன் பிடிக்க வந்தார்கள் என்று. அலையில் அடிபட்டு நீந்திக் கரையேறியவர்களை! மெதூனை அந்த ஊர்க்காரர்களே குளிப்பாட்டி, தொழுகை நடத்தி, அன்று சாயங்காலமே அடக்கம் செய்துவிட்டார்கள். நல்ல மனிதர்கள், அல்லா அவர்களுக்குக் கூலி கொடுக்கட்டும். ஆனால் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மண்ணைத் தொடவில்லை. வாயு எந்தத் தாளும் இல்லாமல் அந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் போய்வருகிறது. என் புருஷனைக் கொண்டுவர மூன்று அலுவலகத்தில் முத்திரை வேண்டுமாம். வேண்டாம் என்றோம். தூங்குகிறவரை எழுப்ப வேண்டாம்.

பிப்ரவரி 22, சனி

இருவரும் வெள்ளை கட்டிக்கொண்டு ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறோம். நான்கு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது. வருகிறவர்கள் தாபா அக்காவின் கையைப் பிடித்து அழுகிறார்கள். என் கையைப் பிடிக்கும்போது கொஞ்சம் தயங்குகிறார்கள். எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா? தெரியவில்லை. தாபா அக்கா என்னோடு பேசுவதில்லை. வீட்டு ரேடியோவை யாரோ அணைத்து அலமாரிக்கு மேலே வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 6, வியாழன்

நோன்பு ஆறாம் நாள். மாவட்ட அலுவலகத்தில் விசாரணை நடந்தது. எங்களால் போக முடியாது. மக்தார் அண்ணன் வந்து வாசலுக்கு வெளியே நின்றபடி சொன்னார்.

கம்பெனி ஆள், உரிய நேரத்தில் உள்ளூர் மொழியில் அறிவித்துவிட்டோம் என்றானாம். ஆதாரம் கேட்டார்களாம். போட்டுக் காட்டினானாம். என் குரலை. அந்த மண்டபத்தில், எல்லோருக்கும் முன்னால். "நம் குழந்தைகள் நிம்மதியாகத் தூங்கும்" வரைக்கும்.

"எலிமான் எந்திரிச்சுக் கத்தினாரு — நடுக்கடல்ல இருக்கிறவனுக்கு ரேடியோ கேக்குமாய்யா, எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களான்னு. குறிச்சுக்கிட்டாங்க" என்றார் மக்தார் அண்ணன்.

குறிச்சுக்கிட்டாங்களாம்! என் குரல் அவனுக்கு ஆதாரம். என் புருஷன் செத்ததுக்கு நானே சாட்சி, அவன் பக்கம்! அந்த ஒலிப்பதிவை என்கிட்டக் குடுத்துடச் சொன்னேன். அது நிலையத்தின் சொத்து என்றார். நாக்கை அறுத்து எறியலாம் போல இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

சொக்னா வந்தாள். அரிசி மூட்டை, சர்க்கரை, பேரீச்சம்பழம். வண்டியிலிருந்து இறக்கச் சொல்லிவிட்டு, உள்ளே வந்து எங்கள் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது. தாபா அக்கா இப்போது அவளைக் கிழித்துத் தோரணம் கட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், காத்திருந்தது அது என் மேலும் விழும் என்றுதான்.

அக்கா கேட்டாள், "நீ எந்த ஊருப் பொண்ணும்மா?"

"காவோலாக்."

"அங்க கடல் இல்ல. அதான் உனக்குத் தோணல." என் பக்கம் தலையை ஆட்டினாள். "இவ படகுக்காரன் மக. நானும்தான். இவ ரேடியோவுல சொன்ன அன்னைக்கு நான் குழாயடியில நின்னேன். நானும் சேர்ந்துதான் கை தட்டினேன். எனக்கு மட்டும் தோணுச்சா?"

அதற்குப் பிறகு மூன்று பேரும் அழுதோம். அரிசியை அக்கா திருப்பி அனுப்பவில்லை. "சோத்து மேல என்ன கோபம்" என்றாள். நோன்பு திறக்கும்போது முதல் பேரீச்சம்பழத்தை எடுத்து என் கையில் வைத்தாள்.

மார்ச் 30, ஞாயிறு

பெருநாள். இதற்கப்புறம் வருகிறேன் என்றார்.

ஏப்ரல் 17, வியாழன்

முதல் கேஸ் கப்பல் ஐரோப்பாவுக்குக் கிளம்பியது. இரண்டு நாட்டுத் தலைவர்களும் சேர்ந்து கை அசைத்தார்களாம். அதே நாளில் நல்லெண்ண அடையாளமாக உசேனுவையும் மற்ற நான்கு பேரையும் விட்டுவிட்டார்கள். கப்பல் போகவில்லையென்றால் நல்லெண்ணம் எப்போது வந்திருக்கும்? மக்தார் அண்ணன் சொல்லும்போது மொட்டை மாடியில் பிள்ளைகள் கப்பலைப் பார்த்துக் கத்துகிற சத்தம் கேட்டது.

ஏப்ரல் 19, சனி

உசேனு வந்துவிட்டான். எலும்பும் தோலும். அக்கா அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள், இருபத்திரண்டு வயசுப் பிள்ளையைக் கைக்குழந்தை மாதிரி.

என்னிடம் தனியாக வந்தான். "சின்னம்மா, ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லுடா."

"அப்பா பயப்படவே இல்ல. கடைசி வரைக்கும் சிரிச்சுக்கிட்டேதான் இருந்தாரு. 'விளக்கு தெரிஞ்சுடுச்சு, விடியறதுக்குள்ள அடிப்பிடிச்ச சோறு சாப்பிடலாம், இன்னைக்கு உன் சின்னம்மா முறை'ன்னாரு. அதுக்கப்புறம் அலை."

என்னை ஆறுதல்படுத்தத்தான் சொன்னான். பாவம் பிள்ளை.

மே 23, வெள்ளி

சமையல் முறையை இன்னும் மாற்றவில்லை. இரண்டு நாள் அவள், இரண்டு நாள் நான். யாருக்காக என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்வதில்லை.

ஜூன் 27, வெள்ளி

வெள்ளையைக் கழற்றினோம். குளித்து, வேறு துணி கட்டி, தெருவில் இறங்கினேன். வெயில் கூசியது.

ஜூலை 3, வியாழன்

உசேனு காவல் படகில் வேலைக்குப் போகிறானாம். அவன் அப்பாவுக்கு வைத்திருந்த இடத்தை சொக்னா இவனுக்குக் கொடுத்திருக்கிறாள். படகு இல்லை, மோட்டார் இல்லை, வலைக்கு எங்கே போவது, வேறென்ன செய்வான் — எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கத்தினேன். "போகாதடா! அப்பாவோட பார்மேல நின்னு நம்ம ஆளுங்களையே விரட்டப் போறியா?"

"அப்பாவுக்கு நீங்க கேட்ட வேலைதானே சின்னம்மா" என்றான். குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான்.

அக்கா காவல் படகின் ஆரஞ்சு நிறச் சட்டையை மடித்து அவன் கையில் கொடுத்தாள். "கரையிலேயே இருப்பான்ல?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். "தினமும் வீட்டுக்கு வந்துடுவான்ல?"

வந்துவிடுவான் என்றேன்.

ஜூலை 9, புதன்

வானொலிக்குத் திரும்பப் போனேன். கம்பெனி அறிவிப்பு எதையும் வாசிக்க மாட்டேன், காற்றும் அலையும் மட்டும்தான் என்று மக்தார் அண்ணனிடம் சொன்னேன். சரி என்றார். குரல் கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. காற்று வடமேற்கு, அலை மிதம்.

திரும்பும் வழியில் சந்தைக்குப் போனேன். இன்று என் சமையல். வீட்டில் மீன் இல்லை. மீனை விலைக்கு வாங்கியதே கிடையாது, அப்பா வீட்டிலும் சரி, அவர் வீட்டிலும் சரி. மீன்காரி முன்னால் போய் நின்றுவிட்டேன், விலை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. எது அதிகம், எது கம்மி, பேரம் பேசலாமா, ஒன்றும் தெரியவில்லை. "எவ்வளவு?" என்று எப்படியோ கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம்தான் குரலை வைத்து யாரென்று தெரிந்துகொண்டாள்.

"மெதூன் வீடா? நீயா விலை கேக்குற?"

"களவா இருக்கா?"

"களவாவா! அதெல்லாம் ஐஸ் பெட்டியில நேரா ஏர்போர்ட்டுக்குப் போகுது. சாளை இருக்கு, எடுத்துக்க."

வாங்கினேன். கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் உசேனு வந்தான். மூவரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். உசேனு தட்டைப் பார்த்தபடியே, "இன்னைக்கு எலிமான் மாமா படகு மிதவையைத் தாண்டி வந்துடுச்சு" என்றான்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"மைக்குல சொன்னேன். போகல. தூண்டிலை வெட்டச் சொன்னாங்க. வெட்டிட்டேன்."

அவன் கை தட்டின் ஓரத்திலேயே நின்றது. தாபா அக்கா ஒரு மீனைப் பிய்த்து, முள்ளை எடுத்துவிட்டு, அவன் பக்கம் தள்ளினாள். நானும் என் பக்கத்திலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தள்ளினேன்.

சாப்பிட்டான்.